பக்கவாத்தியக் கலைஞர் எட்டி லாங்

சபாக் கச்சேரிகளின் அறிவிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று என் கண்ணில் படுவதுண்டு. பாடுகிறவரின் பெயர் கொட்டை எழுத்தில் மேலே நிற்கும். பிடில், மிருதங்கம், கடம் வாசிப்போரின் பெயர்கள் அடியில் சிறிய எழுத்தில் வரிசையாக இடம் பெற்றிருக்கும். சிறிய எழுத்தாயினும் பெயர் என்று ஒன்று இருக்கிறது. மேடையில் அமர்ந்தவரை அவையோர் கண்ணாரக் காண்கின்றனர். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் மனமாரக் கைதட்டுகின்றனர். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்கும் கலைஞருக்கு அந்தச் சிறிய எழுத்தும் கிடைப்பதில்லை. காலையில் ஒரு பாடகருக்கு வாசிப்பார். பிற்பகலில் வேறொரு கோஷ்டிக்கு வாசிப்பார். கூலியைப் பெற்றுக்கொண்டு, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வீடு திரும்புவார். இசைத்தட்டு ஊரெங்கும் ஒலிக்கும். வாசித்தவர் இன்னார் என்பதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

அத்தகைய தொழிலில் வாழ்ந்து, முப்பது வயதிலேயே மறைந்து, பிற்காலத்தில் ஜாஸ் கிதாரின் தந்தை என்று கொண்டாடப்பட்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் அமெரிக்கர், எட்டி லாங் என்பது உலகம் அறிந்த பெயர். பெற்றோர் இட்ட பெயர் வேறு. சில இசைத்தட்டுகளின்மீது அச்சாகியிருந்த பெயர் முற்றிலும் வேறு. அந்த மூன்றாவது பெயரின் கதைதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஆயினும் முறைப்படி முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

1902-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் அவர் பிறந்தார். சால்வடோர் மசாரோ என்று பெயரிட்டனர். பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். தந்தை நரம்புக் கருவிகள் செய்யும் கைவினைஞர். பிலடெல்பியாவின் தென்பகுதியில் இத்தாலியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. தெருவில் தாய்மொழிப் பேச்சு, ஊர்ச் சமையல், ஊர்ப் பாட்டு. தெருக் கோடியைத் தாண்டினால் வேறு உலகம். சொந்த ஊரை விட்டு வந்து இங்கே கூடி வாழும் நமக்கு அந்தச் சூழலை விளக்க வேண்டியதில்லை.

ஏழு வயதில் சிறுவன் கையில் பிடில் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் அவன் பிடில் பயின்றான். நம் பிள்ளைகளுக்குச் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் போல, இத்தாலியப் பிள்ளைகளுக்கு ஸ்வரங்களை வாயால் பாடிப் பழகும் பயிற்சி உண்டு. கருவியைத் தொடுமுன் காது தேறிவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இப்பயிற்சி மசாரோவின் வாழ்நாள் முழுவதும் கைகொடுத்தது. பின்னாளில் அவரைக் கண்டு பலரும் வியந்தது அவருடைய விரல்களை மட்டுமன்று, செவியையும்தான்.

பள்ளியில் அவருக்கு ஒரு நண்பர் வாய்த்தார். ஜோ வெனூட்டி என்னும் அந்த நண்பரும் இத்தாலிய வம்சத்தவர். அவரும் பிடில் வாசிப்பவர். இருவரும் வீட்டில் அமர்ந்து பழைய ஐரோப்பிய நடன மெட்டுகளை எடுத்துக்கொள்வர். ஒருவர் மெட்டை வாசிக்க மற்றவர் துணை வாசிப்பார். சிறிது நேரத்தில் இடம் மாறிக்கொள்வர். சலித்துப்போகும்போது அதே மெட்டைத் தாளத்தை மாற்றிப் போட்டு வேடிக்கை செய்வர். அந்த வேடிக்கையிலிருந்தே ஒரு புதிய பாணி பிறந்தது. வெனூட்டி ஆரவாரக்காரர், குறும்புகளுக்குப் பேர்போனவர், தாம் பிறந்த இடத்தைப் பற்றியே ஆளுக்கொரு கதை சொன்னவர். மசாரோ அதற்கு நேர்மாறாக அமைதியானவர். பேச்சுக் குறைவு. பில்லியர்ட்ஸ் மேசையிலும் சீட்டாட்டத்திலும் மட்டும் அவரை வெல்வது அரிது என்பார்கள். இவ்விரு குணங்களும் ஒன்றையொன்று நாடியதில் வியப்பில்லை. ஆரவாரம் பிடிலை எடுத்துக்கொண்டது. அமைதி கிதாரை எடுத்துக்கொண்டது.

தொழிலுக்கு வந்ததும் மசாரோ தம் பெயரை எட்டி லாங் என்று மாற்றிக்கொண்டார். இளம் வயதில் அவர் விரும்பிய ஒரு கூடைப்பந்து வீரரின் பெயர் அது என்று கூறுவர். அந்நாளில் அமெரிக்காவுக்கு வந்தேறியவர்களின் பிள்ளைகள் பலர் இவ்வாறு செய்தனர். அறிவிப்பாளரின் நாவுக்கு எளிதாக இருக்க வேண்டும். முதலாளி இரண்டாம் முறை கேட்காதிருக்க வேண்டும். பாலசுப்பிரமணியன்கள் அலுவலகத்தில் பாலாவாகவும், மீனாட்சிசுந்தரங்கள் சுந்தராகவும் சுருங்குவதை நாள்தோறும் காண்கிற நாம் இதைக் குறைகூற இயலாது.

இனி, கிதார் என்னும் வாத்தியத்தின் அக்கால நிலையைச் சற்று விளக்க வேண்டும். இன்று நம் குடியிருப்பில் மாலை வேளையில் எந்த மாடிப்படியில் ஏறினாலும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து கிதார் பழகும் ஓசை கேட்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நடன இசைக் கோஷ்டிகளில் அதற்கு இடமே இல்லை. அங்கே ஆட்சி செலுத்தியது பாஞ்சோ என்னும் வாத்தியம். பாஞ்சோவின் உடல், தோல் போர்த்த வட்டச் சட்டம். நம் கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்து நரம்பு கட்டியதுபோல் இருக்கும். ஓசை கணீரென்று பாயும். கிதாரோ மரப் பெட்டி. இனிமை உண்டு, வலிமை இல்லை. எக்காளங்களும் முரசும் முழங்கும் கோஷ்டியில் கிதார் வாசித்தால் அருகில் இருப்பவருக்கும் கேளாது.

இசைத்தட்டுப் பதிவிலும் அதே கதி. அக்காலத்தில் மின்சாரம் இன்றியே பதிவு செய்தனர். ஒரு பெரிய ஊதல் குழாயின் வாயருகே அனைவரும் நெருங்கி நின்று பாடவும் ஊதவும் வேண்டும். ஓசையின் விசையாலேயே ஓர் ஊசி அதிர்ந்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். மெல்லிய ஓசைக்கு அந்த ஊசியை அசைக்கும் சக்தி இல்லை. ஆகவே லாங்கும் முதலில் பாஞ்சோ வாசித்தே பிழைத்தார். உள்ளூர்க் கோஷ்டிகளில் பிடில், பாஞ்சோ, கிதார் என்று எது வேண்டுமோ அதை வாசித்தார்.

1924-ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான கோஷ்டியில் அவர் சேர்ந்தார். அதன் தலைவர் வாசித்த வாத்தியம் தலை வாரும் சீப்பு. ஆம், சீப்பின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, சிறு பிள்ளைகள் விளையாட்டாக ஊதுவார்களே, அதையேதான்! மற்றொருவர் காஸூ என்னும் ஊதி, மூன்றாமவர் பாஞ்சோ. இவர்கள் தட்டுகள் அமோகமாக விற்றன. இந்த மெல்லிய ஓசைக் கூட்டத்தில்தான் லாங்கின் கிதாருக்கு முதன்முதலாகக் காற்றோட்டம் கிடைத்தது. அக்கோஷ்டியுடன் அவர் லண்டன் வரை சென்று வந்தார்.

அதையடுத்து 1925-இல் பெரிய மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. ஒலிவாங்கியைக் கொண்டு மின்சார முறையில் பதிவு செய்யும் வழக்கம் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களில் புகுந்தது. கத்த வேண்டிய அவசியம் ஒழிந்தது. மூச்சு வாங்குவதும் விரல் நரம்பில் உரசுவதும் தட்டில் பதிந்தன. எத்தனையோ உரத்த குரல்காரர்களின் பிழைப்பு அதனால் மங்கியது. மெல்லிய குரல்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. வாத்தியங்களில் அந்த யோகம் கிதாருக்கு அடித்தது. காலம் கதவைத் திறந்தபோது வாசலில் ஆயத்தமாக நின்றவர் எட்டி லாங்.

1926 முதல் நியூயார்க் நகரத்துப் பதிவுக் கூடங்களில் அவருக்கு ஓய்வில்லை. அடுத்த ஏழு ஆண்டுகளில் அவர் வாசித்த தட்டுகள் நூற்றுக்கணக்கானவை. ரெட் நிக்கல்ஸ், ஜீன் கோல்ட்கெட், பிராங்கி டிரம்பாயர் ஆகியோரின் கோஷ்டிகளில் வாசித்தார்; எண்ணற்ற பாடகர், பாடகியருக்கும் துணை வாசித்தார். 1927 பிப்ரவரியில் டிரம்பாயரும் பிக்ஸ் பைடர்பெக்கும் பதிவு செய்த 'சிங்கின் த புளூஸ்' என்ற தட்டு ஜாஸ் உலகில் இன்றும் போற்றப்படுகிறது. சாக்ஸபோன் பாடிக்கொண்டே செல்ல, அதன் நிழல்போல் ஒரு கிதார் உடன் செல்வதை அதில் கேட்கலாம். சாக்ஸபோன் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் கிதார் ஒரு சிறு சொல் சொல்லிவிட்டு உடனே ஒதுங்கிக்கொள்கிறது. அந்தச் சொல் இல்லாவிடில் அடுத்த அடி அவ்வளவு எடுப்பாக இருந்திராது.

அவருடைய வாசிப்பின் சூட்சுமம் என்ன? பாஞ்சோக்காரர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஸ்வரக் கூட்டை மீட்டிக்கொண்டு போவார்கள். லாங் அவ்வாறு செய்வதில்லை. அடிக்கு அடி அந்த ஸ்வரக் கூட்டின் உருவத்தை மாற்றுவார். கீழிருந்த ஸ்வரம் மேலே வரும், மேலிருந்தது நடுவில் அமரும். தாளம் சற்றும் பிசகாது. ஆனால் தாளத்தின் அடியில் ஓர் ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். இடைவெளி கிடைத்தால் ஒற்றை நரம்பில் ஒரு சிறு ஓட்டம். வேண்டிய இடத்தில் மணியோசை போன்ற மெல்லிய எதிரொலி. இவையெல்லாம் அவருக்கு முன் கோஷ்டி இசையில் கிதாரிடமிருந்து எவரும் எதிர்பாராதவை. அவர் கையாண்ட கிப்சன் நிறுவனத்தாரின் எல்-5 என்ற கிதாரும் அக்காலத்துப் புதுமைதான். நடுவே வட்டத் துளைக்கு மாறாக, பிடிலைப் போல் இருபுறமும் வளைந்த துளைகளும் வளைந்த மேற்பலகையும் கொண்டது அது. பிடிலில் கைதேர்ந்தவர் அதை விரும்பியது இயல்பே.

பழைய நண்பர் வெனூட்டியும் நியூயார்க் வந்து சேர்ந்தார். 1926-இல் பிடிலும் கிதாரும் மட்டுமாக இருவரும் தட்டுப் பதிவு செய்யத் தொடங்கினர். பிலடெல்பியாவில் சிறுவர்களாக விளையாடிய அதே விளையாட்டு! எக்காளமும் முரசும் இல்லாமல் ஜாஸ் இசை உண்டா என்று கேட்டவர்களுக்கு அத்தட்டுகள் விடை சொல்லின. இருவரும் சேர்ந்து பல உருப்படிகளை இயற்றினர். லாங் தனியாக இயற்றி வாசித்தவையும் உண்டு. 1927 ஏப்ரலில் பதிவான 'எட்டிஸ் டிவிஸ்டர்' அவரது முதல் தனித் தட்டு. 'ஏப்ரல் கிஸ்ஸஸ்', 'பெர்பெக்ட்' முதலியவை தொடர்ந்து வந்தன. ரஷ்ய மேதை ரக்மானினாவ் பியானோவுக்காக எழுதிய புகழ்பெற்ற முன்னிசை ஒன்றையும் கிதாருக்குக் கொண்டுவந்து பதிவு செய்தார். இத்தனிப் பதிவுகளில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். தனியாக வாசிக்கும்போது அவர் சில இடங்களில் கூச்சப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் அருகில் இருந்தால்தான் அவர் கை முழுமையாக மலர்கிறது.

இப்போது அந்த மூன்றாவது பெயருக்கு வருகிறேன்.

அக்காலத்து அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் அமர்ந்து வாசிப்பது மிக அரிது. பல ஊர்களில் அது நினைத்தும் பார்க்க முடியாதது. இசைத்தட்டுகளுக்கும் தீண்டாமை இருந்தது! கறுப்பின மக்களுக்கென்று தனி வரிசை எண்ணிட்டு, அவர்கள் வாழும் பகுதிக் கடைகளுக்கே அனுப்பித் தட்டுகளை விற்றனர். ஓகே என்ற நிறுவனத்தில் அந்த வரிசையில் பாடியும் வாசித்தும் வந்தவர் லானி ஜான்சன்.

லானி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தவர்; இசைக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரின் காலத்தில் கடல் கடந்து சென்று வாசித்துவிட்டு ஊர் திரும்பியபோது, விஷக் காய்ச்சல் அவர் குடும்பத்தில் பெரும்பாலோரைக் கொண்டுபோயிருந்தது. 1925-இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பாட்டுப் போட்டியில் வென்று ஓகே நிறுவனத்தில் ஒப்பந்தம் பெற்றார். புளூஸ் என்பது அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பின மக்களிடையே விளைந்த பாட்டு. துயரத்தையே தாளம் போட்டுச் சொல்வது. லானி கிதாரின் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைப்பார். கமகம் இன்றி இசையில்லை என்று பழகிய நம் செவிக்கு அது உடனே பிடித்துப்போகும்.

1928 நவம்பரில் லாங்கும் லானியும் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்தனர். அம்முறையும் அடுத்த ஆண்டும் சேர்த்து இருவரும் கிதார் இரட்டையராகப் பத்து உருப்படிகள் பதிவு செய்தனர். 'புளூ கிதார்ஸ்', 'எ ஹேண்ட்புல் ஆப் ரிப்ஸ்', 'ஹாட் பிங்கர்ஸ்' ஆகியவை அவற்றுள் சில. தட்டின்மீது லானி ஜான்சன் என்ற பெயர் உள்ளபடியே அச்சாயிற்று. மற்றொரு பெயர் பிளைண்ட் வில்லி டன், அதாவது குருட்டு வில்லி டன். கறுப்பினப் பாடகர்களில் கண்பார்வை இழந்தோர் சிலர் அந்நாளில் பெரும் புகழ் பெற்றிருந்தனர். அவர்களுள் ஒருவர்போல் தோன்றட்டும் என்று, இரு கண்ணும் நன்கு தெரிந்த ஓர் இத்தாலியர் மகனுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த வில்லி டன்னை ஒரு குருட்டுக் கலைஞராக மனத்தில் கற்பனை செய்து இரங்கினார்களோ!

இதைக் கேட்டவுடன் லாங் தம் பெயரைத் தியாகம் செய்தார் என்று புகழத் தோன்றும். அவ்வளவு எளிதாக நான் புகழமாட்டேன். இதில் வணிகக் கணக்கு இருந்தது. நிறுவனம் தன் விற்பனையைக் காத்துக்கொண்டது. அதோடு, பெயரை மறைத்துக்கொள்வது லாங்குக்கு ஒரு நாள் வேடம். மறுநாள் சொந்தப் பெயரோடு நகரின் சிறந்த கோஷ்டிகளுக்குள் நுழைய அவருக்கு வழி இருந்தது. லானிக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. கறுப்பினத்தவருக்குரிய வரிசையை விட்டு வெளியே வர அவருக்கு வேறு பெயர் இருந்தாலும் பயன்பட்டிராது.

ஆனால் தட்டைச் சுழலவிட்டுக் கேட்டால் வேறொன்று புலப்படும். முன்னே நின்று பேசுவது பெரும்பாலும் லானியின் கிதார். பின்னே அமர்ந்து தாங்குவது லாங். அப்போது நாட்டின் முதன்மையான கிதார்க்காரர் என்று தம்மவரால் கொண்டாடப்பட்ட ஒருவர், எவர் கண்ணுக்கும் தெரியாத அறையில், பக்கவாத்தியத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். லாங் தமக்கு ஒருபோதும் கட்டளையிட்டதில்லை, எப்படி வாசிக்கலாம் என்று தம்மையே கேட்பார் என்று லானி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். லாங்கின் துணை வாசிப்பு ஒரு பியானோவுக்கு ஈடானது என்றும் அவர் கருதினார். அந்நாளில் அந்நாட்டில் ஒரு வெள்ளைக் கலைஞர் ஒரு கறுப்பினக் கலைஞரிடம் உத்தரவு கேட்டு வாசித்தார் என்பதை, நாடறிந்த பல பெரிய சம்பவங்களைவிடப் பெரிதாகவே நான் மதிக்கிறேன்.

இது ஒரு முறை நேர்ந்த அதிசயமன்று. டெக்சஸ் அலெக்சாண்டர் என்னும் புளூஸ் பாடகருக்கு அவர் வாசித்தார். 1929 மே மாதத்தில் புளூஸ் அரசியாகப் போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித்துக்கு, கிளாரன்ஸ் வில்லியம்சின் பியானோவோடு சேர்ந்து வாசித்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து அமர்ந்து பதிவு செய்த 'நாக்கின் எ ஜக்' என்ற தட்டிலும் கிதார் அவருடையதே. இரவு முழுதும் விருந்தில் களித்துவிட்டு விடியற்காலையில் நேரே பதிவுக் கூடத்துக்குச் சென்றார்களாம்.

1929-இல் லாங்கும் வெனூட்டியும் பால் ஒயிட்மனின் பெரிய வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்தனர். அமெரிக்காவிலேயே அதிகப் புகழும் அதிகச் சம்பளமும் உள்ள கோஷ்டி அது. அங்கே எல்லாரும் எழுதிவைத்த இசைக் குறிப்பைப் பார்த்தே வாசிப்பவர்கள். லாங் மட்டும் குறிப்பை நாடுவதில்லை. கோஷ்டியின் தடித்த குறிப்புப் புத்தகம் முழுவதையும் காதால் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டு, நினைவுக்குச் சில அடையாளங்களை மட்டும் ஒரு முகவரிச் சீட்டளவு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை சற்று வளர்ந்திருக்கலாம். இளமையில் வாயால் பாடிப் பழகிய ஸ்வரப் பயிற்சியை நினைத்தால் நம்பக்கூடியதாகவே இருக்கிறது.

1930-இல் வெளிவந்த 'கிங் ஆப் ஜாஸ்' என்ற வண்ணப் படத்தில் ஒயிட்மனின் கோஷ்டியை முழுமையாகக் காணலாம். அதில் வெனூட்டியும் லாங்கும் சேர்ந்து வாசிக்கும் சில கணங்கள் உண்டு. அதே கோஷ்டியில் மூவரில் ஒருவராகப் பாடிக்கொண்டிருந்த இளைஞர் பிங் கிராஸ்பி. கத்திப் பாடாமல், ஒலிவாங்கியின் அருகில் நின்று, அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பாடியவர் அவர். எந்த ஒலிவாங்கி கிதாருக்கு வாழ்வளித்ததோ அதே ஒலிவாங்கி வளர்த்த குரல்! இருவரும் நண்பர்களானதில் ஒரு பொருத்தம் இருந்தது.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்தது. இசைத்தட்டு வாங்குவோர் குறைந்தனர். கோஷ்டிகள் ஆட்களைக் கழித்தன. லாங்கும் வெனூட்டியும் 1930-இல் ஒயிட்மனை விட்டு வெளியேறினர். நல்ல கலைஞர்கள் பலர் வேலையின்றித் தவித்த அக்காலத்தில் கிராஸ்பியின் நட்சத்திரம் மட்டும் ஏறியது. வானொலியால் அவர் குரல் வீடு வீடாகச் சென்றது. தம் பாட்டுக்கு லாங்கின் கிதார் அருகில் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1932-இல் வெளியான 'த பிக் பிராட்காஸ்ட்' படத்தில் கிராஸ்பி பாட, அருகில் அமர்ந்து லாங் வாசிக்கும் காட்சி உள்ளது. அவ்வாண்டு ஜனவரியில் கார்ல் கிரெஸ் என்ற மற்றொரு கிதார்க்காரருடன் அவர் பதிவு செய்த இரண்டு இரட்டை உருப்படிகளும் குறிப்பிடத்தக்கவை. சொந்தப் பெயரிலேயே அவை வெளிவந்தன.

இவ்வாறு வாழ்வு நிலைபெற்று வந்த வேளையில் விதி ஒரு சிறிய வாசல் வழியாக நுழைந்தது. லாங்குக்கு நெடுநாளாகத் தொண்டை உபாதை இருந்தது, குரல் கம்மியிருக்கும். கிராஸ்பிக்குத் திரைப்பட வாய்ப்புகள் பெருகின. அப்படங்களில் லாங்கும் தோன்றி, நாலு வார்த்தை பேசவும் இயலுமானால் அவருக்கும் நல்ல வருமானம் வரும். உள்நாக்குச் சதையை அறுவை செய்து அகற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று கிராஸ்பி நண்பருக்கு யோசனை கூறினார். நல்லெண்ணத்தில் கூறிய யோசனை. சிறு பிள்ளைகளுக்குச் செய்கிற சாதாரண அறுவைதானே என்று எல்லாரும் நினைத்தனர்.

1933 மார்ச்சு 26-ஆம் நாள், நியூயார்க்கில், அந்த அறுவைக்குப் பின் எட்டி லாங் கண் விழிக்கவேயில்லை. வயது முப்பது. முதல் மாதம்தான் வெனூட்டியுடன் பதிவுக் கூடத்தில் வாசித்திருந்தார். மனைவி கிட்டி தனித்துவிடப்பட்டார். உடலைப் பிலடெல்பியாவுக்கு அருகே நல்லடக்கம் செய்தனர். தம் யோசனையே நண்பரைக் கொன்றுவிட்டதோ என்ற வேதனை கிராஸ்பியை நெடுங்காலம் வாட்டியது. வெனூட்டி 1978 வரை வாழ்ந்து பலருடன் வாசித்தார். பழைய இரட்டையர் தட்டுகளின் பெயர் மட்டும் அவரை விடாது தொடர்ந்தது.

லாங் மறைந்தபோது கோஷ்டிகளில் பாஞ்சோ அநேகமாக ஒழிந்து, அந்த நாற்காலியில் கிதார்க்காரர் அமர்ந்துவிட்டார். மறு ஆண்டே, 1934-இல், பாரிஸ் நகரில் ஜாங்கோ ரைன்ஹார்ட் கிதாருடனும் ஸ்டெபான் கிராப்பெல்லி பிடிலுடனும் நரம்புக் கருவிகள் மட்டுமே கொண்ட ஒரு கோஷ்டியைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றனர். அவர்களுக்கு முன்னோடிகள் பிலடெல்பியாவின் இரு பள்ளித் தோழர்களே.

லானி ஜான்சன் என்ன ஆனார்? தட்டு விற்பனை வீழ்ந்ததும் அவர் ஊர் ஊராக அலைந்தார். உருக்காலையிலும் வேலை பார்த்தார். 1940-களில் மீண்டும் சில தட்டுகள் நன்கு விற்றன. மீண்டும் மறதி சூழ்ந்தது. 1959-இல் ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்ட வானொலி நிகழ்ச்சியாளர் ஒருவர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் ஒரு பெரிய ஓட்டலில் துப்புரவுப் பணியாளராக இருந்தார். அந்த ஓட்டல் இருந்த நகரம் பிலடெல்பியா. லாங் பிறந்து, பிடில் கற்ற நகரம். அதன்பின் லானி மறுபடி மேடையேறி, ஐரோப்பாவுக்கும் சென்று வந்து, 1970-இல் கனடாவின் டொரான்டோ நகரில் மறைந்தார்.

2016-ஆம் ஆண்டு, தென் பிலடெல்பியாவில் லாங் வளர்ந்த பகுதியில், ஒரு கட்டடத்தின் சுவரில் அவர் உருவத்தைப் பெரிதாக வரைந்து வைத்தனர். இருவரும் சேர்ந்து வாசித்த பத்து உருப்படிகளும் மறு பதிப்புகளாக வந்துள்ளன. அவற்றின் உறைகளில் லானி ஜான்சன் பெயருக்கு அருகில் எட்டி லாங் என்று உண்மைப் பெயரையே அச்சிடுகின்றனர். நம் குடியிருப்பில் கிதார் பழகும் பிள்ளைகள் யாரேனும் 'எ ஹேண்ட்புல் ஆப் ரிப்ஸ்' என்பதைத் தேடிக் கேட்டால், முதல் முறை லானியைத்தான் கேட்பார்கள். இரண்டாம் முறை, அடியில் நடந்துகொண்டிருக்கும் மற்றக் கிதாரைக் கேட்கட்டும்.